புதுப்பிப்பு: இலைக்கோழி கிட்டத்தில் கிடைத்தது

மிதக்கும் இலைகள் மேல் நடக்கும் நீர்ப்பறவையான இலைக்கோழியைப் படமெடுக்க நெருங்கினாலே பறந்துவிடுகிறது, வெள்ளை அல்லியின் இதழ்கள் படத்தில் வெளுத்துப்போகின்றன என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இரண்டுக்கும் வழி கிடைத்துவிட்டது.

நேற்று விடியும் முன்பே ஏரிக்கரையில் குப்புறப் படுத்துவிட்டேன். நகரவே இல்லை. அரை மணி நேரத்தில் அதுவே 15 அடி தூரத்துக்கு வந்தது. நீண்ட விரல்களை விரித்து அது கால் வைக்க, இலை லேசாக அமிழ்ந்து விளிம்பில் தண்ணீர் ஏறுகிறது. என்ன அழகு! கூட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. இந்தப் பறவையில் அடைகாப்பது ஆண்தான். அது மிரண்டு எழுந்தால் முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

அப்புறம் அல்லி. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்தேன், இதழின் நரம்புகூடத் தெரிகிறது. இரவில் விரியும் பூ, வெயில் ஏறினால் கூம்பிவிடும். காலை 8 மணிக்குள் எடுத்துவிடுங்கள்.