செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் பிழை: உங்களுக்கு வந்த விநோதமான பக் ரிப்போர்ட் (மென்பொருள் பிழை பற்றிய புகார்) எது?

தறிக்காரன்:
தமிழ் அகராதி ஆப் ஒன்றைத் திறமூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாத்தலாம்) நடத்துறேன். ஒருநாள் ஒரு வாத்தியார் எழுதினார்: "தேடினா வரல. ஆனா வார்த்தை உள்ள இருக்கு." அவ்வளவுதான். வெர்ஷன் கேட்டா "புதுசுதான் தம்பி". ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. ரெண்டு நாள் கழிச்சு அவரே சொன்னார்: "கொ, போ, மோ வர்ற சொல்லு மட்டும்தான் சிக்குது, மத்ததெல்லாம் வருது."

அங்கே பிடி கிடைச்சது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'கொ'வை க, அதோட ஒரே ஒகரக் குறின்னும் சேமிக்கலாம். க, ஒற்றைக் கொம்பு, கால்னு மூணு துண்டாவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனா நிரலுக்கு ரெண்டும் வேற வேற சொல். அவர் கீபோர்டு துண்டு துண்டா அனுப்பியிருக்கு. தேடும் சொல், தரவு ரெண்டையும் நார்மலைஸ் பண்ணினதும், அதாவது ஒரே வடிவத்துக்கு மாத்தினதும், தீர்ந்தது. லாக் (நிரல் ஓடின பதிவு) எதுவும் இல்லாத அந்த ரிப்போர்ட்தான் இதுவரை எனக்கு வந்ததிலேயே உருப்படியானது.

நுங்குவண்டி:
உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) ஆட்களிடம் 2009 வாக்கில் பேசப்பட்ட பிழை ஞாபகம் இருக்கா? ஒருத்தர் மனைவி, ஓப்பன் ஆபீஸ் மென்பொருள்ல செவ்வாய்க்கிழமை பிரிண்ட் வராதுன்னு சொல்லிட்டே இருந்தாங்களாம். நம்ம ஊரா இருந்தா "செவ்வாயோ வெறுவாயோ"ன்னு சிரிச்சிட்டுப் போயிருப்போம். ஆனா நிஜம். கோப்பு என்ன வகைன்னு கண்டுபிடிக்கும் 'ஃபைல்' கருவியின் விதி ஒண்ணு தப்பா எழுதப்பட்டிருந்தது. பிரிண்டருக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தேதி வரியில், ஆங்கிலத்தில் செவ்வாயைக் குறிக்கும் மூணு எழுத்து அந்த விதி பார்க்கும் இடத்தில் விழுந்தா, அதை எர்லாங்ங்கிற நிரல் மொழியோட கோப்புன்னு முடிவு கட்டிடும். பிரிண்டருக்கு ஒண்ணும் போகாது.

அரைத்தூக்கம்:
இப்ப நிலைமை தலைகீழ். தலைப்பு, படிகள், பாதிப்பு எல்லாம் அழகா அடுக்கி ரிப்போர்ட் வருது. படிச்சா அப்படி ஒரு ஃபங்ஷனே நிரலில் இல்லை. ஏஐ எழுதினது. இணையம் வழியா தரவு அனுப்பும், வாங்கும் கருவியான கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் இதைப் பத்திப் பல தடவை எழுதியிருக்கார். பாதுகாப்புப் பிழையைக் கண்டுபிடிச்சா பணம் தர்றதுக்கு 2019-ல் ஆரம்பிச்ச சன்மானத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்திட்டாங்க. கண்ணால பார்த்தவர் கோணல்மாணலா எழுதினாலும் நான் உட்கார்ந்து படிப்பேன். பார்க்காதவர் எழுதினதைப் பொய்னு நிரூபிக்கவே பாதி ராத்திரி போயிடுது.

நுங்குவண்டி:
பாட் (தானா இயங்கும் நிரல்) வச்சு ரிப்போர்ட்டை மூடுறது அதைவிட மோசம். நான் போட்ட ஒரு ரிப்போர்ட்டை "நீண்ட நாளாக அசைவில்லை"ன்னு மூடிட்டாங்க. அசைய வேண்டியது அவங்கதான்!

தறிக்காரன்:
ஹாஹா. நான் ரிப்போர்ட் படிவத்தில் பாதிப் பெட்டிகளைத் தூக்கிட்டேன். என்ன செஞ்சீங்க, என்ன வரணும், என்ன வந்துச்சு; கடைசியா "சம்பந்தமில்லைன்னு தோணினாலும் வேற ஏதாவது கவனிச்சீங்களா?" அதுக்கு ஒருத்தர்: "ராத்திரி சார்ஜ் குறைஞ்சா மட்டும் நான் சேர்த்த சொல் மத்த போனுக்குப் போகல." பேட்டரி சேவர் பின்னணி வேலையை நிறுத்திடுது. இந்த வாரம் அதைத்தான் சரிபண்ணிட்டிருக்கேன்.