ஸ்கிரிப்டை எல்லாம் பக்கத்துக்குள்ளேயே ஒட்டிவிட்டால் வேகமாகுமா? அம்பை (அம்பாசமுத்திரம்) தாண்டினால் என் பஸ் நேரப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது

அம்பைப் பையன் கேட்டது:

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் இருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம், தென்காசிப் பக்கம் போகிற பஸ்களின் நேரத்தைப் பார்க்க ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன். வருமானத்துக்காக இல்லை, எங்கள் அம்மா ஒருநாள் வீரவநல்லூர் ஸ்டாப்பில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து போட்ட சத்தத்தில் ஆரம்பித்தது.

பாளையங்கோட்டையில் வீட்டு வைஃபையில் சட்டென்று வந்துவிடுகிறது. ஆனால் விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் பக்கம் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடுகிற இடத்தில் எட்டு ஒன்பது விநாடி வெறும் வெள்ளைத் திரைதான். ஆட்கள் அதைத் திறப்பதே அந்த மாதிரி இடத்தில் நின்றுகொண்டுதான்.

பக்கத்தின் ஹெட் பகுதியில், அதாவது கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்கு முன்னால் பிரவுசர் படிக்கிற இடத்தில், ஏழு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள் இருந்தன. ஜேக்வெரி என்ற ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு வெளி சிடிஎன்னில் (பல தளங்களுக்கும் பொதுவாக ஃபைல் தருகிற சர்வர்) இருந்து வரும், மற்றவை என் சர்வரில்: தேதிக் கணக்கு, தேடல், மெனு, மேலே படம் ஓடுவதற்கு ஒன்று, பார்வையாளர் எண்ணிக்கை, அப்புறம் பஸ் நேரப் பட்டியல். கூடப் படித்தவன் ஒருவன், "எல்லாத்தையும் தூக்கி பக்கத்துக்குள்ளயே ஒட்டிருலே, ஒவ்வொண்ணா எடுத்துட்டு வர்ற வேலை மிச்சம்" என்றான். ஒட்டினேன். 18 கேபி இருந்த எச்டிஎம்எல் 210 கேபி ஆகிவிட்டது. முதல் தடவை திறப்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அடுத்த ஊர்ப் பக்கத்துக்குப் போனால் முன்பைவிட மெதுவாக இருக்கிறது, தேடல் பெட்டியோ வேலையே செய்யவில்லை, பிழைகளைக் காட்டுகிற கன்சோலில் நல் (அப்படி ஒன்று இல்லை) என்று ஏதோ சிவப்பாக வருகிறது. தேடல் ஃபைலுக்கு மட்டும் முன்பு டிஃபர் (பக்கத்தைப் படித்து முடித்த பிறகு ஓட்டு என்கிற குறிப்பு) போட்டிருந்தேன், ஒட்டும்போதும் அதை எடுக்காமல் அப்படியேதான் வைத்தேன். எங்கே தப்பு?

பேட்டை அண்ணாச்சி எழுதியது:

தம்பி, உங்கள் கூட்டாளி சொன்னது பாதி சரி. ஒட்டினால் நடை மிச்சம், சுமை மிச்சமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

டிஃபரோ, வந்து சேர்ந்ததும் ஓட்டு என்கிற அசிங்க்கோ இல்லாத ஸ்கிரிப்ட் டேக் ஒன்று ஹெட்டில் வந்தால் பிரவுசர் எச்டிஎம்எல்லை மேற்கொண்டு படிக்காமல் நின்று, அந்த ஃபைல் வந்து சேர்ந்து ஓடி முடிந்த பிறகுதான் நகரும். மீதி ஃபைல்களை முன்கூட்டியே தேடிக் கேட்டு வைத்துக்கொள்ளும்தான், ஆனாலும் திரையில் எழுத்து வராது. சிக்னல் மோசமான இடத்தில் ஒரு நடை போய்வரவே அரை விநாடி, ஒரு விநாடி ஆகிவிடும், ஃபைல் 2 கேபி என்றாலும் அதே நடைதான். அதனால் சின்ன ஃபைல்களை ஒட்டினால் நல்ல லாபம். பெரிய ஃபைலை ஒட்டினால் கதை வேறு, ஏனென்றால் சர்வர் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அனுப்பாது. தரவைத் துண்டு துண்டாக அனுப்புகிற டிசிபி முறையில் முதல் சுற்றில் 10 பாக்கெட், கிட்டத்தட்ட 14 கேபி, அது சேர்ந்தது என்று பதில் வந்தால் அடுத்து 28, பிறகு 56, இப்படித்தான் ஏறும். உங்கள் 210 கேபி ஜிசிப்பில் சுருங்கி 70 கேபி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் மூன்று சுற்று வேண்டும். ஜிசிப் போட்டிருக்கிறீர்களா, முதலில் அதைப் பாருங்கள். போடாவிட்டால் நான்கு சுற்று, நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதற்கு மேலும்.

அடுத்த பக்கம் மெதுவானதற்குக் காரணம் கேஷ். தனி ஃபைலாக இருந்தால் ஒரு தடவை இறக்கியதை பிரவுசர் வைத்துக்கொள்ளும். பக்கத்துக்குள் ஒட்டியதை அப்படித் தனியாக வைத்துக்கொள்ள வழியில்லை, ஊருக்கு ஒரு பக்கம் என்றால் ஒவ்வொரு பக்கமும் அதே மூட்டையைச் சுமந்துகொண்டு வரும்.

தேடல் கெட்டது டிஃபரால். வெளி ஃபைலைச் சுட்டுகிற ஸ்கிரிப்டுக்குத்தான் அது செல்லும். உள்ளே ஒட்டிய சாதாரண ஸ்கிரிப்டில் டிஃபர் எழுதினாலும் பிரவுசர் கண்டுகொள்ளாமல் அந்த இடத்திலேயே ஓட்டிவிடும். தேடல் பெட்டி அப்போது பிறக்கவே இல்லை, நல் வராமல் என்ன வரும்? பக்கத்தின் பாடி (கண்ணுக்குத் தெரிகிற பகுதி) முடிகிற இடத்துக்கு முன்னால் கொண்டு போய் வையுங்கள், சரியாகிவிடும்.

வண்ணாரப்பேட்டை அக்கா எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ஆனால் ஒட்டுவது என்பதே பழைய காலத்து மருந்து. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்கிற முறையான எச்டிடிபியில் 1.1 காலத்தில் பிரவுசர் ஒரு சர்வரோடு ஆறு இணைப்புதான் திறக்கும், ஏழாவது ஃபைல் வரிசையில் நிற்கும், அதனால் எல்லோரும் ஃபைலைக் குறைக்க அலைந்தார்கள். 2015ல் எச்டிடிபி 2 வந்த பிறகு ஒரே இணைப்பில் எல்லா ஃபைலும் கலந்து வருகின்றன. உங்கள் ஹோஸ்டிங்கில் அது இருக்கிறதா என்று பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியில் புரோட்டோகால் என்ற பத்தியைத் திறந்து பாருங்கள். இருந்தால் உங்கள் சர்வரில் உள்ள ஆறு ஃபைலையும் தனியாகவே விட்டு எல்லாவற்றுக்கும் டிஃபர் போட்டால் போதும்: பக்கத்தைத் தடுக்காமல் இறங்கும், எழுதிய வரிசையிலேயே ஓடும். அசிங்க் போட்டால் அந்த வரிசை கிடையாது, முந்தி வந்தது முந்தி ஓடும், ஆகவே எதையும் நம்பியிராத பார்வையாளர் எண்ணிக்கைக்கு மட்டும் அது.

என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஜேக்வெரி. வெளி சர்வர் என்றால் பெயரைத் தேட ஒரு நடை, இணைப்புக்கு ஒரு நடை, இணைப்பைப் பூட்டுகிற டிஎல்எஸ்ஸுக்கு ஒரு நடை, இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபைலையே கேட்கும். வேறு தளத்தில் இறக்கியது கேஷில் இருக்கும் என்று முன்பு ஒரு சமாதானம் சொல்வார்கள், 2020ல் குரோம் 86 வந்ததில் இருந்து தளத்துக்குத் தளம் கேஷைப் பிரித்துவிட்டார்கள், அந்த லாபமும் போச்சு. உங்கள் சர்வரிலேயே வையுங்கள். ஒரு தேடல் பெட்டிக்கும் மெனுவுக்கும் ஜேக்வெரி எதற்கு என்றும் கேட்கத் தோன்றுகிறது, அது உங்கள் இஷ்டம்.

பேட்டை அண்ணாச்சி எழுதியது:

அக்கா, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் ஒரே பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஃபோனைப் பையில் போடுகிற ஆள். அவருக்கு கேஷால் என்ன ஆகப்போகிறது? டிஃபர் போட்டாலும் ஃபைல் வரும்வரை 'அடுத்த பஸ்' இருக்க வேண்டிய இடம் காலியாகத்தானே இருக்கும். அதைக் காட்டுகிற பத்து இருபது வரியை ஒட்டத்தான் வேண்டும் என்பேன்.

வண்ணாரப்பேட்டை அக்கா எழுதியது:

அந்தப் பத்து இருபது வரி என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். 210 கேபியைத்தான் சொன்னேன்.

மேலப்பாளையம் தறி எழுதியது:

ஒட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற மூன்று இடம் சொல்கிறேன், மூன்றிலும் நான் மாட்டியிருக்கிறேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற ஸ்டைல்ஷீட் லிங்குக்குக் கீழே ஸ்கிரிப்டை ஒட்டினால், ஸ்டைல்ஷீட் வந்து சேரும்வரை அந்த ஸ்கிரிப்ட் ஓடாது, அது ஓடாதவரை பக்கமும் நகராது. அதற்கு எந்த நடையும் இல்லை என்று நம்பி ஒரு நாள் முழுக்க வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்ட் டேகை மூடுகிற எழுத்துகள் ஸ்கிரிப்டுக்குள் மேற்கோளில் வருகிற எழுத்தாகக்கூட வரக் கூடாது, பிரவுசர் அங்கேயே முடிந்தது என்று நினைத்து மீதியைத் திரையில் எழுத்தாகக் கொட்டும். சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு வைத்தால் தப்பிக்கலாம். அப்புறம் சிஎஸ்பி, எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்கிற விதி. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பாதுகாப்புக்கு என்று அதை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டார்கள், ஒட்டிய ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே அடியாக நின்றுபோனது. நான்ஸ் (ஒவ்வொரு தடவையும் மாறுகிற குறி) அல்லது ஹாஷ் (ஸ்கிரிப்டில் இருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி ஒன்று) கொடுத்தால்தான் ஓட விடும்.

பஸ் பட்டியலை ஜாவாஸ்கிரிப்டாக வைக்காதீர்கள், ஜேசன் (வெறும் தரவு) வகை என்று குறித்த ஸ்கிரிப்ட் டேகுக்குள் வையுங்கள், பிரவுசர் அதை ஓட்டாது, வேண்டும்போது நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்துகளைச் சேமிக்கிற யுடிஎஃப் 8 முறையில் 'அம்பாசமுத்திரம்' 45 பைட், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் பிடிக்கும். ஊருக்கு ஒரு எண் கொடுத்து பெயர்களை ஒரே இடத்தில் வைத்தால் நிறைய மெலியும்.

சிக்னலே இல்லாத இடத்துக்கு, பிரவுசருக்குள் பின்னணியில் ஓடுகிற சர்வீஸ் ஒர்க்கர் என்ற ஸ்கிரிப்ட்தான் வழி. எச்டிடிபிஎஸ் இருக்க வேண்டும், ஒரு தடவையாவது சிக்னலோடு திறந்திருக்க வேண்டும், பிறகு சிக்னல் போனாலும் வைத்திருக்கும் பக்கத்தைக் காட்டும். பழைய நேரத்தைக் காட்டி ஆளை நிற்க வைக்காமல் இருக்க, என்று புதுப்பித்தது என்ற தேதியை மேலே போட்டுவிடுங்கள்.

அம்பைப் பையன் எழுதியது:

செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இருந்தேன், அதனால் நான்கு நாள் ஆகிவிட்டது. ஜிசிப் போடாமல்தான் இருந்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. எச்டிடிபி 2 ஏற்கெனவே இருந்தது. மேலே ஓடுகிற படத்தையும் ஜேக்வெரியையும் தூக்கிவிட்டேன், படம் போனதை இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. 'அடுத்த ஐந்து பஸ்' காட்டுகிற துண்டும் அந்த ஊரின் நேரங்களும் மட்டும் பக்கத்துக்குள், சேர்த்து 6 கேபி, மீதி எல்லாம் ஒரே ஃபைலாக டிஃபரோடு வெளியே. சுருக்கிய பிறகு பக்கம் 14 கேபிக்குள் நிற்கிறது அண்ணாச்சி. சர்வீஸ் ஒர்க்கர் இன்னும் தொடவில்லை.

நேற்று பாபநாசம் போகிற பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சியில் இருந்து திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன், மோசமான இடத்திலும் இரண்டு விநாடிக்குள் நேரம் வந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய் அம்மா கையில் கொடுத்தேன். "வேகமா வருது, சரி, ஆனா இந்த 4.10 வண்டிய நிப்பாட்டி ரெண்டு மாசம் ஆச்சே" என்கிறாள்.