புதுப்பிப்பு: அப்பாவின் தாடை வீக்கம், பயாப்சி முடிவு வந்துவிட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். நாக்குப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குத் தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம். பெட் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. "திரும்ப வந்துடுச்சு போல" என்றார்கள்.

வரவில்லை. அது ஆக்டினோமைகோசிஸ், ஒரு பாக்டீரியா தொற்று.

முதல் ஊசி பயாப்சியில் வெறும் அழற்சி என்றுதான் வந்தது. டாக்டர் அதோடு விடவில்லை, ஆழமாகச் சதை எடுத்து ஒரு பகுதியைக் கல்ச்சருக்கும் (என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) அனுப்பினார். அதற்குள் வீக்கத்தில் ஓட்டை விழுந்து சீழ் கசிய ஆரம்பித்தது. கட்டு மாற்றும்போது பஞ்சில் மணல் மாதிரி மஞ்சள் மணிகள். நான் தூக்கிப் போடப் போனேன், நர்ஸ்தான் "இருங்க, இருங்க" என்று குப்பியில் எடுத்தார். கந்தகத் துகள் என்று பெயராம். கந்தகம் துளியும் கிடையாது, எல்லாம் கிருமித் திரள்.

இந்தக் கிருமி எல்லோர் வாயிலும் சாதுவாகக் கிடப்பதுதான். கதிர்வீச்சில் நொந்த தாடையில் பல்லும் பிடுங்கினோமா, உள்ளே இறங்கிவிட்டது. பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைத்தான் காட்டும். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களும் அப்படித்தான் இழுக்கும்.

"பயாப்சி எதற்கு, நேரே கீமோ போங்க" என்று எழுதிய அண்ணா, கோபமில்லை. ஆனால் கீமோ, கிருமியோடு போராடும் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்துக் குறைத்திருக்கும்.

இப்போது பெனிசிலின் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. தொற்றும் புற்றுக்கட்டியும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் ஆறு வாரத்தில் மறுபடி ஸ்கேன்.