முதல் ஆண்டுக் கணக்கை எப்படி முடித்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பக்க வடிவமைப்பாளர்:

தனியாளாகத் தொழில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. வேலை தெரியும் என்ற துணிவில்தான் மாதச் சம்பளத்தை விட்டேன். கணக்கும் அந்த வேலையில் ஒரு பாதி என்பது, ஆண்டு முடிந்து ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

ரசீது எதையும் நான் தொலைக்கவில்லை. ஒன்றுவிடாமல் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன், அதுவே போதும் என்று நம்பினேன். அவர் மேலே கிடந்ததை எடுத்துப் பார்த்தார். வெறும் வெள்ளைத் தாள். அடுத்ததும் அப்படியே. மை இல்லாமல் சூட்டால் அச்சாகும் ரசீதுகளின் எழுத்து வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மங்கிப்போகும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு வங்கி அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக “இது எதற்கு?” என்று கேட்டார். வீட்டுச் செலவும் தொழில் செலவும் ஒரே கணக்கில் ஓடியிருந்தன. பத்து மாதத்துக்கு முன் ஒருவருக்கு அனுப்பிய பணம் எழுத்துரு உரிமத்துக்கா, கைமாற்றைத் திருப்பித் தந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவர் கடிந்துகொள்ளவில்லை. ஆதாரம் இல்லாத செலவைத் தன்னால் கழிக்க முடியாது என்று மட்டும் சொன்னார். தொழிலுக்காக நான் உண்மையாகவே செய்த செலவுக்கும் சேர்த்து வரி கட்டினேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. கூட்டல் கழித்தல் எனக்கு நன்றாகவே வரும். என்னைக் கைவிட்டது நினைவுதான்.

இப்போது தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். ரசீது கைக்கு வந்த அன்றே படம் பிடித்து, எந்த வேலைக்கு என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். ஆனாலும் இந்த ஆண்டின் முதல் நான்கு மாதக் கணக்கு உதைக்கிறது. வங்கியில் இருப்பதைவிட ஏட்டில் 540 அதிகமாக நிற்கிறது. ஐந்து இரவுகளாகத் தேடுகிறேன், பிடிபடவில்லை.

இயந்திரப் பழுது நீக்குபவர்:

உங்களுக்கு ரசீது, எனக்கு விற்பனை வரி. விற்பனை வரிக்குப் பதிவு செய்துகொண்ட பிறகு, ஒவ்வொரு பில்லிலும் கூலியோடு வரியையும் சேர்த்து வாங்கினேன். இரண்டும் ஒரே கணக்கில் விழுந்தன. இருப்பைப் பார்க்கும்போதெல்லாம் தொழில் செழிக்கிறது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியில் புதிய கருவிகளும் வாங்கினேன். காலாண்டு முடிந்து வரி செலுத்தும் நாள் வந்தபோது கட்டப் பணம் இல்லை. வாடிக்கையாளர் அரசுக்காக என் கையில் கொடுத்துவைத்த பணத்தை, என் பணம் என்று எண்ணிச் செலவழித்திருக்கிறேன். அன்றிரவு தூங்கவில்லை. அபராதமும் வட்டியும் சேர்த்துத் தவணையில் கட்டினேன்.

இன்னொன்றும் நடந்தது. பெரிய வேலை ஒன்றுக்கு பில் கொடுத்து, நான்கு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. ஆனால் நான் பதிந்திருந்த முறையில், பில் போட்ட காலாண்டிலேயே அதற்கான வரியைக் கட்ட வேண்டும். கைக்கு வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி! பணம் வரும்போது வருமானம் என்று எழுதும் முறையும் உண்டு, பில் போட்டவுடனே எழுதும் முறையும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும், எதற்கு அனுமதி உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

இப்போது பணம் வந்த அன்றே விற்பனை வரியைப் பிரித்து வேறு கணக்குக்கு மாற்றுகிறேன். மீதியில் 100-க்கு 25 வீதம் வருமான வரிக்காக அதே கணக்குக்குப் போகிறது. இந்த 25 என் வருமானத்துக்கு நான் போட்ட கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கும். அந்தக் கணக்குக்கு அட்டை வாங்கவில்லை, வேண்டுமென்றேதான்.

மொழிபெயர்ப்பாளர்:

என் அனுபவம் சிறியது. சில நிறுவனங்கள் என் கூலியில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கைக்கு வந்த தொகையையே வருமானம் என்று எழுதிவந்தேன். அது தவறு. முழுத் தொகையும் வருமானம். பிடித்த தொகை நான் ஏற்கெனவே கட்டிய வரி. ஆண்டு இறுதியில் அதைக் கழித்துக்கொள்ள, பிடித்ததற்கான சான்று வேண்டும். ஒரு நிறுவனத்தில் அதைப் பெறுவதற்குள் ஏழு கடிதம் எழுதினேன். பணம் வரும்போதே சான்றையும் கேட்டுவிடுங்கள்.

கணக்கு எழுதுபவர்:

இருபது ஆண்டுகளாகப் பிறருக்குக் கணக்கு எழுதுகிறேன். தனியாளாகத் தொழில் செய்பவர்கள் வரும்போது ஒரு குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டுக்கு எடுத்த பணத்தைச் ‘சம்பளம்’ என்று செலவில் எழுதிவருவார்கள். உங்கள் பெயரிலேயே நடக்கும் தனியாள் தொழிலில் உங்களுக்கு நீங்களே சம்பளம் தர முடியாது. அதை ‘எடுப்பு’ என்று தனியாக எழுத வேண்டும். அதனால் லாபம் குறையாது, வரியும் குறையாது. ஒரு தையல் கலைஞர் இதைக் கேட்டுக் கண்கலங்கியதை நான் மறக்கவில்லை. ஆண்டு முழுக்கத் தனக்கு லாபமே இல்லை என்று நினைத்து, அந்த நம்பிக்கையில் வரிக்கென்று எதையும் ஒதுக்காமல் இருந்தவர் அவர். கணினி போலப் பல ஆண்டு உழைக்கும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒரே ஆண்டில் முழுதாகக் கழியாது. தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் கழியும்.

எதற்கென்று தெரியாத தொகையை ஊகித்து ஏதோ ஒரு தலைப்பில் தள்ளிவிடாதீர்கள். விவரம் தெரியும்வரை தொகையைத் தனியே நிறுத்திவைக்கும் அனாமத்துக் கணக்கில் வைத்து, மாதம் முடிவதற்குள் விசாரித்துத் தீருங்கள். மாதம் தாண்டினால் மறதி வென்றுவிடும்.

வடிவமைப்பாளரே, நீங்கள் அன்றன்றைக்கு ஒரு வரி எழுதுகிறேன் என்றீர்களே, அது பழைய வழிதான். 1494-இல் வெனிசில் அச்சான தம் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் முறையை, விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சோலி, வணிகருக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்கிறார். கணக்குவாரியாகத் தொகுக்கும் பேரேட்டுக்கும், தேதிவாரியாக முறைப்படி பதியும் குறிப்பேட்டுக்கும் முன்னால் வருவது, நடந்ததை நடந்தபடி உடனே எழுதிவைக்கும் ஏடு. மென்பொருள் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் ஏட்டின் வேலையை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

இனி உங்கள் 540. முதலில் அதில் பாதியான 270 எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். செலவை வரவுப் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அது இல்லையென்றால் அடுத்த சந்தேகம்: 540 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். இங்கே ஈவு 60. எனவே நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கலாம். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 6 வேறுபாடு இருக்கும். 1-உம் 7-உம், 2-உம் 8-உம், இப்படி. ஏட்டில் இருப்பு அதிகம் என்பதால் செலவுப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பக்க வடிவமைப்பாளர்:

270 இல்லை. செலவுப் பக்கத்தில் 2-உம் 8-உம் சேர்ந்து வரும் தொகைகளை மட்டும் வட்டமிட்டேன், மொத்தம் நான்குதான். மூன்றாவது, இரண்டாம் மாத மின்கட்டணம். வங்கியில் 1,820. நான் எழுதியது 1,280. அந்த நாளின் ரசீதுப் படமும் இருந்தது, அதிலும் 1,820தான்.

ஐந்து இரவு தேடியது பத்து நிமிடத்தில் கிடைத்தது, ஐயா. திருத்திவிட்டேன். ஏடும் வங்கியும் ஒத்துப்போகின்றன. ‘சம்பளம்’ என்று நானும் நான்கு மாதமாக எழுதியிருக்கிறேன். இன்று அதை எடுப்புக்கு மாற்ற உட்கார்ந்திருக்கிறேன்.