மாடித் தளம் வெடித்தால் தண்ணீர் விடவில்லை என்று வீட்டுக்காரன் மேல் பழியா?

வைகைக்கரை:
"வேலை பாதியில் நின்றால் முக்கால்வாசி வீட்டுக்காரன்தான் காரணம். புதுத் தளம் காயாமல் இறுகத் தண்ணீர் கட்டச் சொன்னால் கட்டுவதில்லை. தளம் வெடித்ததும் பாக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு காண்ட்ராக்டரைத் திருடன் என்பார்கள்." காண்ட்ராக்டர் மட்டப்பலகை நேற்று இந்த மன்றத்தில் இன்னொருவருக்கு இப்படிப் பதில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

என் வீடு மதுரையில். மாடியில் பழைய தட்டோட்டை (தட்டையான சுட்ட மண் ஓடு) பெயர்த்துவிட்டுப் புதுத் தளம் போட வேண்டும். மேலே வெயில் சூட்டைக் குறைக்கும் வெள்ளை கூல் டைல்ஸ், கைப்பிடிச் சுவருக்கு உள்பூச்சு, மாடிக் குளியலறைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு. எல்லாம் மெட்டீரியலோடு சேர்த்து 4 லட்சம் என்று பேச்சு. 3,20,000 வாங்கியாகிவிட்டது. தளம் போட்டதோடு காண்ட்ராக்டர் போனவர் போனவர்தான். தளமும் வெடித்துவிட்டது. டைல்ஸ் பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிக் கிடக்கின்றன. குளியலறையில் தரையைக் கொத்திப் போட்டு, பிடுங்கிய கம்மோடைப் பால்கனியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு போன் செய்தால் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தால் ஒரே கேள்வி: "தளத்துக்குத் தண்ணீர் விட்டீர்களா சார்?"

மட்டப்பலகை அவர்களே, நேராகவே கேட்கிறேன். 4 லட்சம் பேசி வேலை எடுத்தவனுக்குத் தண்ணீர் விடுவது வேலையில் சேராதா?

மட்டப்பலகை:
சேராது சார். நானும் நேராகவே சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். தளம் போட்ட மறுநாள் என் ஆட்கள் அடுத்த சைட்டில் நிற்பார்கள். மோட்டார் உங்களுடையது, கரண்ட் உங்களுடையது, தொட்டியும் உங்களுடையது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஓஸ் பிடித்து விட ஒரு சித்தாளை நான் தினக்கூலி கொடுத்து உங்கள் வீட்டில் உட்கார வைக்க வேண்டுமா? அந்தக் கூலியைச் சேர்த்து கொட்டேஷன் கொடுத்தால் பக்கத்துத் தெருவில் எவன் குறைத்துக் கொடுக்கிறான் என்று ஓடுவீர்கள். மேஸ்திரி தளத்தின் மேல் வரப்பு வைத்துப் பாத்தி கட்டிக் கொடுப்பார், அதில் தண்ணீர் நிரப்புவது வீட்டுக்காரர். தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கம்.

வைகைக்கரை:
பாத்தி கட்டினால்தானே நிரப்ப முடியும்? என் மாடியில் பாத்தியே கட்டவில்லை. சிமெண்ட் கலவையில் இரண்டு விரல் உயரத்துக்கு வரப்பு வைத்திருந்தால், அதைப் பெயர்த்த பிறகு தளத்தில் கோடு கோடாகத் தடம் இருக்கும். என் தளத்தில் ஒரு தடம்கூட இல்லை. வந்து பாருங்கள்.

தூக்குக்குண்டு:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். நான் சிவில் படித்தவன். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு கான்கிரீட்டுக்குச் சொல்வது இது: சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. என்ற கலப்புச் சிமெண்ட் என்றால் 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் சாதாரண சிமெண்டுக்கே 10 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கச் சொல்கிறது. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி.தான்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எழுதிக்கொண்ட தாளில் என்னென்ன வேலை என்று இருக்கிறது? தளம் என்றால் வெறும் சிமெண்ட் தளமா, செங்கல் ஜல்லித் தளமா? அதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மட்டப்பலகை:
அப்படிச் சொல்லுங்கள் இன்ஜினியர் சார்! 14 நாள். வைகைக்கரை சார் 14 நாள் விட்டாரா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அந்த 14 நாளும் நான்தான் விட வேண்டும் என்று ஐ.எஸ். 456-இல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கட்டுகிறவன் செய்ய வேண்டிய வேலைகளுக்குள்தானே அது வருகிறது? கலவை போடுவது, அதைக் குத்தி இறுக்குவது, மட்டம் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு. அதே விதியில் தண்ணீர் மட்டும் எனக்கா?

தூக்குக்குண்டு:
நான் கேட்டதற்கு இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

அம்பைக்காரி:
ஆண்கள் இருவரும் சத்தம் போட்டு முடித்திருந்தால் நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீடு கட்டும்போது தினமும் தண்ணீர் விட்டது நான்தான். வீட்டு வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் ஓஸைச் சுற்றிக்கொண்டு தூணுக்கெல்லாம் சுற்றிய சாக்கை நனைத்தேன். அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மட்டும் "அக்கா, தண்ணி விடலையா" என்று மேஸ்திரி முகத்தைத் தூக்குவார். "வீட்டுக்காரர் விடுவார்" என்று மட்டப்பலகை தம்பி எழுதுகிறாரே, பெரும்பாலான வீடுகளில் அது வீட்டுக்காரம்மா. அந்த உழைப்பை உங்கள் கொட்டேஷனிலும் காணோம், இவர்கள் கணக்கிலும் காணோம்.

மட்டப்பலகை:
அக்கா, நீங்கள் விட்டீர்கள், உங்கள் தூண் இன்றைக்கும் நிற்கிறது. நான் சொல்வதும் அதைத்தானே?

அம்பைக்காரி:
நான் சொன்னது அதை இல்லை. திருப்பிப் படியுங்கள்.

செங்கல்ஜல்லி:
அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். மேலே தட்டோடு. எங்கள் தாத்தா வீட்டுத் தளம் இன்றும் ஒழுகவில்லை. வைகைக்கரை சார் முதலில் அந்தத் தட்டோட்டைப் பெயர்த்ததே தப்பு.

வைகைக்கரை:
ஒழுகியதால்தான் சார் பெயர்த்தேன்! ஒழுகாத தட்டோட்டைப் பெயர்க்க எனக்குப் பைத்தியமா?

செங்கல்ஜல்லி:
ஒழுகினால் ஓடுகளுக்கு இடையே மூட்டுக்கு மூட்டு கலவை அடைத்துப் பாயிண்டிங் எடுத்திருக்கலாம். எவனோ டைல்ஸ் விற்கிறவன் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள்.

கோர்ட்டுப்படி:
சட்டம் தெரியாமல் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். வீட்டுக் கட்டுமானம் அதில் 'சேவை' என்றே சேர்க்கப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வேறு ஆளை விட்டு வேலையை முடிப்பதற்கு முன் தளத்தைப் போட்டோ எடுத்து, ஒரு இன்ஜினியரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி வையுங்கள். முடித்த பிறகு போனால் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

இன்னொன்று. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் நஷ்ட ஈடு உண்டு. ஆனால் இழப்பைக் குறைக்க உங்கள் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

மட்டப்பலகை:
பார்த்தீர்களா! இழப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழி என்ன? தண்ணீர் விடுவது! சட்டமே சொல்லிவிட்டது.

வைகைக்கரை:
சட்டம் தண்ணீரைப் பற்றி எங்கே சொன்னது? கோர்ட்டுப்படி சார், நீங்களும் இவருக்குத் துருப்பு எடுத்துக் கொடுக்கிறீர்களே.

சரி, இதைக் கேளுங்கள். போன வாரம் ஒரு மழை. குழாய் வைத்த மூலைக்கு ஓட வேண்டிய தண்ணீர் எதிர் மூலையில், தொட்டிக்கு அடியில் குளமாக நிற்கிறது. அது வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவு, தவறியது. மட்டம் பிடித்தவன் தவறாகப் பிடித்திருக்கிறான். அந்த இடத்தில் தளத்தைத் தட்டினால் பொத்துப்பொத்தென்று சத்தம் கேட்கிறது, கீழே ஒட்டவே இல்லை. பழைய தளத்தைக் கொத்திக் கழுவாமல் தூசி மேலேயே கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். நான் கங்கையையே திருப்பி விட்டிருந்தாலும் வாட்டம் வந்துவிடுமா?

தூக்குக்குண்டு:
இது நியாயமான கேள்வி. வாட்டத்துக்கும் தண்ணீர் விடுவதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டாமல் போனதற்குத் தண்ணீர் விடாதது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அடித்தளத்தைச் சுத்தம் செய்யாததுதான் முதல் காரணமாக இருக்கும்.

மட்டப்பலகை:
வாட்டம் தவறியிருந்தால் டைல்ஸ் ஒட்டும்போது கலவையில் சரிசெய்துகொள்வோம் சார். அதெல்லாம் ஒரு விஷயமா? அதற்குள் தளம் வெடித்துவிட்டதே. ஏன் வெடித்தது? தண்ணீர் இல்லை. வெடித்த தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டினால் நாளைக்கு அதுவும் தூக்கும், அதற்கும் காண்ட்ராக்டரைத்தான் பிடிப்பார்கள். அந்த ஆள் போனதில் நியாயம் இருக்கிறது.

வைகைக்கரை:
3,20,000 வாங்கிக்கொண்டு போனதில் நியாயமா?

மட்டப்பலகை:
அதில் மெட்டீரியல் எவ்வளவு? டைல்ஸ் உங்கள் வீட்டில்தானே கிடக்கிறது. எம் சாண்ட், சிமெண்ட், குளியலறைக் கெமிக்கல், இடித்த குப்பையை அள்ள வண்டி வாடகை, இதையெல்லாம் போட்டுப் பாருங்கள். அவர் கையில் என்ன நின்றிருக்கும்? வீடு கட்டுகிறவனுக்குக் காண்ட்ராக்டர் என்றாலே மூட்டை மூட்டையாகக் காசு வைத்திருக்கிறான் என்று நினைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்க நாங்கள் மோதிரத்தை அடகு வைப்பது யாருக்குத் தெரியும்?

மேலமாசி:
கூலியை மிச்சம் பிடிக்கத்தானே வெளிமாநிலத்துப் பையன்களைக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள்? நம்மூர்க் கொத்தனார் மட்டப்பலகையை வைத்தாரென்றால் ஒரு நூல் பிசகாது.

மட்டப்பலகை:
நம்மூர்க் கொத்தனாரைக் கூட்டிவாருங்கள், நாளைக்கே வேலை தருகிறேன். முகூர்த்தம், திருவிழா, காதுகுத்து போக மீதி நாளில் வருவார். அந்தப் பையன்கள் உச்சி வெயிலில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒரு தகுதி வேண்டும்.

மேலமாசி:
என் தகுதியைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். முன்பு இங்கே நடந்த செப்டிக் டேங்க் விவாதத்தில் நீங்கள் சொன்ன அளவை நம்பித் தோண்டியவர் இன்றைக்கும் மாதாமாதம் லாரியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மறந்துவிட்டதா?

மட்டப்பலகை:
அவர் வீட்டில் குடியிருப்பது நாலு பேர் என்று சொன்னார். மேலே இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதைச் சொல்லவே இல்லை. அதற்கு நானா பொறுப்பு? அன்றைக்கே விளக்கிவிட்டேன்.

மேலமாசி:
அன்றைக்கும் வீட்டுக்காரன் தப்பு, இன்றைக்கும் வீட்டுக்காரன் தப்பு. உங்கள் வாயில் வேறு எதுவும் வராதா?

அம்பைக்காரி:
அந்தப் பையன்களை இதில் இழுக்காதீர்கள். வாட்டம் பார்த்துச் சொல்ல வேண்டியது மேஸ்திரி. அவர் சைட்டுக்கே வராமல் போனில் வேலை பார்த்தால் பையன்கள் என்ன செய்வார்கள்?

வைகைக்கரை:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. தளம் போட்ட அன்று எங்கள் மேஸ்திரியும் இல்லை, காண்ட்ராக்டரும் இல்லை. உச்சி வெயிலில் கலவையை மாடிக்கு ஏற்றிப் பரப்பிவிட்டு, சாயங்காலம் சட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். 'தண்ணீர் விடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆளே இல்லை.

மட்டப்பலகை:
ஆ, இப்போது வருகிறது. அப்படியானால் தண்ணீர் விடவில்லை!

வைகைக்கரை:
விடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? என் அப்பா தினமும் விட்டார். பாத்தி இல்லாத தளத்தில் விட்ட தண்ணீர் எங்கே நிற்கும்? ஓடிப்போய் அந்தத் தவறான மூலையில் போய் நிற்கும். அங்கே மட்டும்தான் தளம் வெடிக்கவில்லை. இதைவிட உங்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

தூக்குக்குண்டு:
அந்த மூலையில்தானே தட்டினால் பொத்துப்பொத்தென்று கேட்கிறது என்றீர்கள்?

வைகைக்கரை:
வெடிப்பது வேறு, ஒட்டாமல் நிற்பது வேறு. இன்ஜினியருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

மட்டப்பலகை:
பாத்தி சிமெண்டில்தான் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? மணல் வரப்பு வைத்திருப்பான். அதற்குத் தடம் இருக்காது. பெரியவர் ஓஸைப் பிடித்துப் பீய்ச்சியதில் மணல் கரைந்து போயிருக்கும்.

வைகைக்கரை:
என் அப்பாவை இதில் இழுக்காதீர்கள். 78 வயதில் அவர் மாடி ஏறி விட்டார். காசு வாங்கினவன் ஏறவில்லை.

கோர்ட்டுப்படி:
நோட்டீஸ் அனுப்பினீர்களா இல்லையா? எழுதிக்கொண்ட தாளைத் தேதியோடு படம் எடுத்துப் போடுங்கள். இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

வைகைக்கரை:
தாளில் 'தளம், டைல்ஸ், பூச்சு, பாத்ரூம் வாட்டர் புரூஃப் முடித்துத் தருவது' என்று இருக்கிறது. கீழே அவர் கையெழுத்து. 'முடித்து' என்ற பிறகு தண்ணீர் யாருடையது என்ற பேச்சே எழாது. தண்ணீரும் சேர்ந்தால்தான் தளம் முடியும்.

மட்டப்பலகை:
'தண்ணீர்' என்று எழுதியிருக்கிறதா? இல்லை. எழுதாதது உங்கள் பொறுப்பு.

வைகைக்கரை:
'கலவை கிளறுவது' என்றும்தான் எழுதவில்லை. அதையும் நானா செய்ய வேண்டும்?

செங்கல்ஜல்லி:
சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தால்...

வைகைக்கரை:
சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், சுண்ணாம்பை விடுங்கள். மட்டப்பலகை, நாளைக்கு நோட்டீஸ் போகிறது. நகலை இங்கேயும் போடுகிறேன். அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

மட்டப்பலகை:
போடுங்கள் சார். அவர் அனுப்பும் பதிலில் முதல் வரியே தண்ணீராகத்தான் இருக்கும்.