அப்பாகிட்ட இருந்து கார் சாவியை எப்போ வாங்கறது?

மழைக்காகிதம்:
அப்பாவுக்கு 71, இன்னும் அவர்தான் ஓட்டறார். 75 ஆனதும் நிறுத்திடுங்கப்பா, இப்பவே பேசி வெச்சுக்கலாம்னு சொன்னேன், ரெண்டு நாளா முகம் குடுத்து பேசல. நான் கேட்டது தப்பா?

பழைய_கியர்:
தப்புதான் தம்பி. 75ங்கற கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு? எனக்கு 68, ஒரு கீறல் விழுந்ததில்ல. செல்லை நோண்டிட்டே ஓட்டற பசங்களை விட்டுட்டு எங்களையே பிடிச்சுக்கறீங்க.

ராத்திரிப்பூச்சி:
வயச விடுங்க சார், கண்ணைப் பாருங்க. 60 வயசுல விழித்திரைக்கு போய்ச் சேர்ற வெளிச்சம் 20 வயசுல போனதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய் வந்தா பக்கப்பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும், போறதே நமக்கு தெரியாது. எங்கம்மா ஒரே வாரத்துல ரெண்டு தடவ கேட் தூண்ல இடது பக்கம் உரசிட்டு, தூணு இவ்ளோ வெளிய நீட்டிட்டிருந்துச்சான்னு என்னைய கேக்கறாங்க!!

பழைய_கியர்:
அதுக்கு கண் டாக்டர் இருக்காரே. புரை ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு போர்டெல்லாம் பளிச்சுனு தெரியுது. சாவியப் பிடுங்கினா மனுஷன் வீட்டோட முடங்கிடுவார், ஓட்டறத நிறுத்தின பெரியவங்களுக்கு மனச்சோர்வு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெட்டிப்புன்னு ஆராய்ச்சியே சொல்லுது.

நடுவுல_நான்:
மாத்திரையையும் பாருங்கப்பா. சில சளி மாத்திரை, தூக்க மாத்திரையோட மயக்கம் மறுநாள் காலைலயும் இருக்கும்.

ராத்திரிப்பூச்சி:
@பழைய_கியர் அந்த முடக்கம் வரக்கூடாதுன்னுதான் முன்னாடியே யோசிக்கணும்ங்கறேன். அம்மா முதல்ல ராத்திரி ஓட்டறத விட்டாங்க, அப்புறம் மழைல, அப்புறம் ஹைவே, கார் வாசல்ல நிக்கும்போதே வாரத்துல ஒருநாள் பஸ்ல போய் பழகினாங்க, டாக்ஸி புக் பண்ணவும் கத்துக்கிட்டாங்க. கார வித்தப்புறம் இன்சூரன்ஸ் சர்வீஸ் பெட்ரோல்னு போயிட்டிருந்த காசு டாக்ஸிக்கு தாராளமா இருக்கு. திடீர்னு ஒருநாள் நிறுத்தச் சொன்னாதான் சண்டை.

பழைய_கியர்:
அதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா எப்போ விடறதுன்னு ஓட்டறவன் சொல்லணும், பிள்ளைங்க தேதி குறிக்கக் கூடாது.

ராத்திரிப்பூச்சி:
சுகர் கம்மியாகி கை நடுங்கும்போதும் ஓட்டறவரே சொல்லட்டும்னு விட்டுடலாமா? ரோட்ல எதிர்ல வர்றவனும் இருக்கான்ல.

மழைக்காகிதம்:
இப்பதான் அம்மாகிட்ட கேட்டேன். ராத்திரி ஓட்டறத ஆறு மாசம் முன்னாடியே விட்டுட்டாராம், எதிர்ல வர்ற லைட்டு கண்ணக் கூசுதாம். எனக்கு மட்டும்தான் தெரியல.

பழைய_கியர்:
சொன்னா அன்னிக்கே சாவியக் கேட்டிருப்பீங்கல்ல.