மறு: ‘பனி அரிப்பு’க்கு மாற்றாகப் ‘பனியுழவு’

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கடலில் மிதந்துவரும் பனிமலை (iceberg) துருவக் கடலடியைக் கிழிப்பதற்குக் குழுவில் வந்த ‘பனி அரிப்பு’ என்ற சொல் ஒட்டவில்லை. அரிப்பு என்றால் பாலாற்று வெள்ளம் கரையைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்பது. பனிமலையோ பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் கிடப்பது. காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள, ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டி, சேற்றைப் பிளந்துகொண்டே போகிறது. நடுவில் பள்ளம், இருபுறமும் வரப்பாக ஒதுங்கிய மண். எங்கள் பக்கத்துக் கழனியில் ஏரோட்டியவரிடம் காட்டினால் யோசிக்காமல் சொல்வார்: உழவு. நடப்பது பனியுழவு, விழும் தடம் பனிச்சால், கீழே நீண்டு உழும் பகுதி பனிக்கொழு.

ஏர் போனாலும் டிராக்டர் போனாலும் பின்னாலேயே கொக்கு நடக்குமே, அதுவும் அங்கே உண்டு. பனிச்சாலில் நசுங்கிக் கிடப்பவற்றைத் தின்ன நட்சத்திரமீன்களும், நாடாபோல் நீண்ட கடற்புழுக்களும் (குடலில் வாழும் நாடாப்புழு அல்ல) கூடிவிடுகின்றன.

— காட்பாடியிலிருந்து

⁂

ஐயா,

கொழுவும் சாலும் அருமை. உழவுதான் உறுத்துகிறது, அது விளைச்சலுக்காகச் செய்வது. அண்டார்க்டிக்கப் பகுதியில் சிக்னி தீவருகே ஒரு பனிமலை தரையில் மோதியபோது கடலடியில் வாழும் சற்றுப் பெரிய விலங்குகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் போயின. மண்மணிகளுக்கிடையே வாழும் நுண்ணிய விலங்குகளிலும் பெரும்பாலான வகைகளில் 90க்கு மேல் இழப்பு. இதைப் போய் உழவு என்றால் பிள்ளைகள் நல்லதென்று நினைக்கமாட்டார்களா? ‘பனிச்சிதைவு’ என்றால் என்ன?

— ஆரணியிலிருந்து

⁂

அம்மா,

‘பனிச்சிதைவு’ என்றால் பனியே உடைவதாகப் படும். உழவு நமக்குத்தான் விளைச்சல். மண்புழுவுக்கு என்றைக்கு நல்லதாக இருந்தது? கடலடியிலும் நூற்புழு, துடுப்புக்காலி (இறால் இனத்து நுண்ணுயிரி, copepod) போன்ற சிறியவை அக்கம்பக்கத்துச் சேற்றிலிருந்து விரைவில் திரும்பிவிடுகின்றன. மெதுவாக வளரும் கடற்பஞ்சுகளுக்கோ பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் அடுத்த கொழு வந்துவிட்டால் போச்சு.

அந்தச் சிறியவற்றுக்கும் பெயர் வேண்டும். 1 மி.மீ. சல்லடையில் இறங்கி, அதைவிட நுண்ணிய சல்லடையில் தங்குபவை என்பதால் ‘சலிப்புயிர்’ என்று முன்பு ஒருவர் எழுதினார். வகுப்பில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். என் வாக்கு ‘மண்ணிடை உயிரி’க்கு.

பனிமலைக்குப் பலரும் சொல்லும் ‘பனிப்பாறை’யை இப்போதைக்குத் தொடவேண்டாம். நிலத்தில் மெல்ல நகரும் பனியாற்றையும் (glacier) அப்படித்தான் செய்திகளில் எழுதுகிறார்கள். அதற்குத் தனி மடல் போடுகிறேன்.

— காட்பாடியிலிருந்து